ஆயிரம் டன்னுக்கு ஓர் ஓட்டு



அனைத்துலக அமைப்புகளில் அதிகாரம் யார் கையில் என்று கேட்டால் உடனே நினைவுக்கு வருவது நியூயார்க். ஐக்கிய நாட்டுச் சபை, பாதுகாப்பு மன்றம், ஐந்து வல்லரசுகளின் ரத்து அதிகாரம். அதைப் பற்றிப் பேச ஆள்கள் நிறைய இருக்கிறார்கள். இன்றைய உரை அவ்வளவு தூரம் போகவில்லை. சிரம்பானைச் சுற்றியுள்ள லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, அந்தப் பக்கம் பகாவ் தோட்டங்கள் வரை போனால் போதும். எங்கோ ஒரு மேசையில் போடப்படும் ஓட்டு, ஒரு லயத்து வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து சேரும் என்பதற்கு அந்தத் தோட்டங்களைவிட நல்ல சாட்சி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு மேசை இருக்கிறது என்பதே அங்கு மரம் சீவியவர்களில் பலருக்குத் தெரியாது.

1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பரை அடித்துப் போட்டது. சீவுகிற கூலிகூடத் தேறாது என்று பல தோட்டங்கள் வேலையைக் குறைத்தன, சில நிறுத்தியே விட்டன. 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முன்பு நிர்ணயிக்கப்பட்டிருந்த தொகை ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது.

விலையை எப்படியாவது நிமிர்த்த வேண்டும் என்று ரப்பர் முதலாளிகளும் அவர்களுடைய அரசுகளும் முடிவு செய்தன. 1934 மே 7ஆம் தேதி லண்டனில் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், சயாம், இந்தியா ஆகிய அரசுகள் அதில் கையெழுத்திட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அடிப்படை ஒதுக்கீடு உண்டு. அதில் எத்தனை விழுக்காட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று லண்டனில் கூடும் ஒரு குழு அவ்வப்போது அறிவிக்கும். சரக்கைக் குறைத்தால் விலை ஏறும். இதுதான் திட்டம்.

அந்தக் குழுவில் ஓட்டு எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாட்டுக்கு ஓர் ஓட்டு என்றில்லை. மக்கள்தொகைக் கணக்கும் இல்லை. ஆயிரம் டன் ஒதுக்கீட்டுக்கு ஓர் ஓட்டு. 1934ஆம் ஆண்டு மலாயாவின் ஒதுக்கீடு 504,000 டன். டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, 352,000 டன். இலங்கைக்கு 77,500. இந்தியாவுக்கு வெறும் 6,850. ஆக மலாயாவின் கணக்கில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டுகள். உலகத்து ரப்பரில் பெரும் பங்கைச் சீவிக் கொடுத்த தமிழர்களின் தாய்நாட்டுக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகள். அதுவும் அவர்களுக்காகக் கிடைத்த ஓட்டுகள் அல்ல. திருவாங்கூர், கொச்சிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்காகக் கிடைத்தவை.

மலாயாவின் ஐந்நூறு ஓட்டையும் போட்டவர்கள் மலாயாக்காரர்களா என்றால் அதுவும் இல்லை. காலனி அரசின் அதிகாரிகளும் லண்டனில் அலுவலகம் வைத்திருந்த ரப்பர் நிறுவனங்களின் இயக்குநர்களும் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். குழுவின் தலைவர் சர் ஜான் கேம்பல், பிரிட்டிஷ் காலனித்துறையின் பொருளாதார ஆலோசகர். ரப்பரை வாங்குகிற டயர் உற்பத்தியாளர்கள் குறை சொல்லுவார்களே என்று அவர்களுக்கும் ஓர் ஆலோசனைக் குழு ஒதுக்கப்பட்டது. அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் உட்கார இடமாவது இருந்தது. காண்டாவில் பால் சுமந்தவனுக்கு அந்த இடமும் இல்லை.

தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று இதை நினைத்துவிடக் கூடாது. ரெம்பாவ், கோலப்பிலா பக்கத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருந்த மலாய்ச் சிறுதோட்டக்காரர்களுக்கும் அந்த மேசையில் ஆள் கிடையாது. புதிதாக ரப்பர் நடுவதற்குத் தடை வந்தது. சிறுதோட்டங்களின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டு, பெரிய தோட்டங்களுக்குச் சாதகமாக ஒதுக்கீடு செய்யப்பட்டது என்று பி. டி. பாவர் என்ற பொருளாதார அறிஞர் பிறகு விரிவாக எழுதினார். ரப்பர்த் தொழிலைப் பற்றிய அவருடைய நூல் 1948இல் வெளிவந்தது. அதற்குள் அந்தக் குழுவே கலைந்து போயிருந்தது. கணக்குத் தவறு என்று நிரூபிக்கப்படும்போது கணக்குப் போட்டவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.

கப்பலை நிறுத்திய கை

1938ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் நிலைமை கொஞ்சம் தேறியிருந்தது. இந்திய அரசின் சார்பில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, பழைய 50 காசு, 40 காசு சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவருடைய அறிக்கை துரைமார்களிடம் மென்மையாக நடந்துகொண்டது என்று மலாயா இந்தியத் தலைவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இருந்தாலும் சம்பளம் ஏறியது.

பிறகு அமெரிக்காவில் மீண்டும் வியாபாரம் தளர்ந்தது. ரப்பர் விலை இறங்கியது. லண்டன் குழு ஏற்றுமதி அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1938இன் பிற்பாதியில் 45 விழுக்காட்டுக்குக் கொண்டு வந்தது. குழுவில் யாரும் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை தீர்மானம் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. பாதிச் சரக்கைத்தான் விற்கலாம் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரட்டில் பெயர் கூப்பிடுவது குறையும், வேலை நாள் குறையும், அதன் பிறகு கூலியும் குறையும். அந்த ஆண்டு மே மாதம் ஆணின் நாள் சம்பளம் 45 காசாகவும் பெண்ணின் சம்பளம் 35 காசாகவும் குறைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் கதையில் ஒரு திருப்பம். 1938 ஜூன் 15ஆம் தேதி முதல், கங்காணி மூலமும் அரசு உதவியோடும் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அத்தோடு கங்காணி முறைக்கு முடிவு வந்தது. ரப்பர் குழுவில் இந்தியாவுக்கு இருந்த சில்லறை ஓட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு காசைக்கூட அது உயர்த்தியிருக்க முடியாது. ஆனால் ஆளை அனுப்பாமல் நிறுத்தும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு வெளியே இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தியதும் ஐந்நூறு ஓட்டு வைத்திருந்தவர்கள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு போர் மூண்டு, ரப்பருக்கு அவசரத் தேவை ஏற்பட்டபோது, புதிய ஆள் கிடைக்காத தோட்டங்களில் இருக்கிற ஆளுக்கு மதிப்புக் கூடியது.

ஓர் அனைத்துலக அமைப்பில் ஒருவருக்கு எத்தனை ஓட்டு என்று மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான் தெரியும். அவர் எழுந்து போனால் என்ன ஆகும், எதைக் கொடுக்க மறுக்கலாம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் ஓட்டும் இல்லை. எழுந்து போகிற உரிமைகூட அவன் கையில் இல்லை. வேண்டாத நேரத்தில் கப்பலேற்றினார்கள், வேண்டிய நேரத்தில் கங்காணியை ஊருக்கு அனுப்பினார்கள்.

உலக மேடையில் ஒரு சங்கத் தலைவர்

சரி, தொழிலாளியின் ஆளே ஓர் உலக அமைப்பின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால்? அதுவும் நடந்தது. அதன் தொடக்கமும் நெகிரி செம்பிலான்தான்.

போருக்குப் பிறகு அங்கே இயங்கிய இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகப் பொதுவாழ்வுக்கு வந்தவர் பி. பி. நாராயணன். கேரளத்திலிருந்து சிறு வயதில் மலாயா வந்தவர். 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் பல சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் பொதுச்செயலாளர் ஆனார். நாட்டின் ஆகப் பெரிய தொழிற்சங்கமாக அது வளர்ந்தது. 1962இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1975இல் மெக்சிகோவில் கூடிய மாநாட்டில், பிரசல்சைத் தலைமையகமாகக் கொண்ட அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். 1992 வரை பதினேழு ஆண்டுகள் அதில் இருந்தார். தோட்டப்புறச் சங்கத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர்களை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார் என்பது சாதாரணமான செய்தி அல்ல. இன்றைய பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை என்பது வருத்தம்.

ஆனால் அந்த நாற்காலியின் அதிகாரம் எவ்வளவு? சம்மேளனத்தின் அன்றாட நிர்வாகம் பிரசல்சில் இருந்த பொதுச்செயலாளரிடம் இருந்தது. சந்தா, உறுப்புச் சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே பணம் பெரும்பாலும் மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள் போன்ற பணக்காரச் சங்கங்களிடமிருந்து வந்தது. எல்லாரையும்விடப் பெரிய அமெரிக்கச் சம்மேளனம் 1969இல் கோபித்துக்கொண்டு வெளியேறியது, 1982இல்தான் திரும்பி வந்தது. நாராயணனின் தலைமைக் காலத்தில் முதல் ஏழு ஆண்டுகள் அந்த நாற்காலி காலி. வெளியே நின்றபோதும் அமெரிக்கர்களின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர்களை எப்படித் திரும்ப அழைப்பது என்பதே அங்கு ஒரு பெரிய கவலை. சந்தா கட்டும் ஒருவர் வெளியேறினால் அமைப்பே ஆடும். தோட்டத் தொழிலாளர் சங்கம் வெளியேறியிருந்தால் பிரசல்சில் ஒரு விளக்குக்கூட அணைந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. தலைவர் உலக மேடையில் இருந்த அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் அவருடைய சொந்த உறுப்பினர்கள் நாள் கூலிக்காரர்களாகவே இருந்தார்கள். மழை பெய்தால் சீவல் இல்லை, சீவல் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ரப்பர் விலையோடு சேர்ந்து கூலியும் ஏறி இறங்கியது. 1990இல் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது, விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. 2003இல் ஒருவழியாக மாதச் சம்பள உடன்பாடு வந்தபோது உறுதியளிக்கப்பட்ட தொகை 350 வெள்ளி அளவுதான். சங்கம் முதலாளிகளிடம் விட்டுக்கொடுத்துப் போனது என்று குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் குறையை முழுவதும் ஒரு மனிதர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சம்பளத்தைத் தீர்மானிக்கும் மேசையும் விலையைத் தீர்மானிக்கும் மேசையும் பிரசல்சில் இல்லையே.

விலையின் மேசை அப்போது எங்கே இருந்தது என்று பார்த்தால், கோலாலம்பூரிலேயே இருந்தது. 1979இல் ஜெனீவாவில் முடிவான அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த நிறுவனத்துக்குக் கோலாலம்பூர்தான் தலைமையகம். இந்த முறை ஓட்டுக் கணக்கு மாறியிருந்தது. ரப்பர் விற்கும் நாடுகளுக்கு மொத்தம் ஆயிரம் ஓட்டு, வாங்கும் நாடுகளுக்கு ஆயிரம் ஓட்டு. முக்கியமான முடிவுக்கு இரு தரப்பிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1934ஐ நினைத்துப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். விலை மிகவும் விழுந்தால் நிறுவனம் ரப்பரை வாங்கிக் கிடங்கில் வைக்கும், மிகவும் ஏறினால் வெளியே விடும். கிடங்கின் அளவு 550,000 டன். தொழிலாளர் தரத்தைப் பற்றியும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது, முயற்சி செய்வோம் என்ற அளவில்.

அந்த நிறுவனம் எப்படி முடிந்தது என்பது பழைய பாடத்தையே திரும்பக் காட்டுகிறது. 1997இல் ஆசிய நாணயங்கள் சரிந்தன. ஒப்பந்தத்தின் விலை, மலேசிய, சிங்கப்பூர் காசுக் கணக்கில் குறிக்கப்பட்டிருந்தது. ரிங்கிட் விழுந்ததால், டாலரில் ரப்பர் விலை சரிந்தும் உள்ளூர்க் காசில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. கிடங்குக்காரர் எதிர்பார்த்தபடி வாங்க வரவில்லை. கணக்கை மாற்றலாம் என்றால் வாங்கும் நாடுகளின் ஆயிரம் ஓட்டு குறுக்கே நின்றது. மலேசியா 1998இல் விலகுவதாக அறிவித்தது. தாய்லாந்தும் வழி பார்த்தது. 1999 அக்டோபரில் நிறுவனமே மூடப்பட்டது. ஓட்டுப் போட்டு வெல்ல முடியாததை, எழுந்து போவதன் மூலம் மலேசியா சொல்லிவிட்டது.

அந்தக் காலத்துக்குள் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் முகமே மாறிவிட்டது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனத்தின் பெரும் பங்குகளை மலேசியத் தேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கி முடித்தது. வெள்ளைக்காரத் துரை போனார், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லாபுவிலும் நீலாயிலும் தோட்ட நிலத்தில் புது நகரங்கள் எழுந்தன. லயத்தில் பிறந்த பிள்ளைகள் தாமாகவே வெளியேறித் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எழுந்து போகும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது உண்மைதான். ஆனால் கையில் வீடும் நிலமும் இல்லாமல் வந்தது. அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் வந்தார்கள்.

இன்று செம்பனைக்கும் ஓர் உலக மேசை இருக்கிறது. நீடித்து நிலைக்கும் செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை, சுருக்கமாக ஆர்எஸ்பிஓ. 2004இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தின் கீழ் பதிவானது, செயலகம் கோலாலம்பூரில். அதன் நிர்வாகக் குழுவில் 16 இடங்கள். தோட்டக்காரர்களுக்கு நான்கு, அதில் ஒன்று சிறுதோட்டக்காரர்களுக்கு. எண்ணெய் ஆலைகள் மற்றும் வணிகர்கள், பொருள் உற்பத்தியாளர்கள், சில்லறை வணிகர்கள், வங்கிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டிரண்டு. காட்டுக்காகப் பேச இரண்டு இடம் உண்டு, நல்லது. வங்கிக்கு இரண்டு இடம் உண்டு. குலை வெட்டுகிறவனுக்கென்று தனியாக ஓர் இடம் இல்லை. சமூக அமைப்புகளின் வரிசையில் யாராவது அவனுக்காகப் பேசினால் உண்டு.

எனவே அவனுக்குக் கிடைத்தது எங்கிருந்து கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. இந்த நிறுவனம் ஆர்எஸ்பிஓ சான்றிதழ் பெற்றது. அப்படியிருந்தும் தடை வந்தது. அதற்குப் பிறகு, வேலைக்கு வருவதற்காகத் தரகர்களுக்கு அந்நியத் தொழிலாளர்கள் கட்டியிருந்த பணத்தை ஈடு செய்ய நிறுவனம் 80 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. தடை 2023 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டது. 1938இல் இந்தியா கப்பலை நிறுத்தியதும் 2020இல் அமெரிக்கா சரக்கை நிறுத்தியதும் ஒரே மாதிரியான செயல்தான். இரண்டையும் செய்தவை அரசுகள். அந்த அரசுகள் தங்கள் சொந்தக் காரணங்களுக்காகச் செய்தன. நாளைக்கு அந்தக் காரணம் மாறலாம்.

தொழிலாளி என்ற முறையிலேயே தொழிலாளிக்கு ஓட்டு உள்ள உலக அமைப்பு ஒன்று உண்டு. 1919இல் தொடங்கிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், ஐஎல்ஓ. அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசுக்கு இருவர், முதலாளிக்கு ஒருவர், தொழிலாளிக்கு ஒருவர் என்று அனுப்புகிறது. அங்கேயும் எல்லாரும் சமம் இல்லை. நிர்வாகக் குழுவின் 56 இடங்களில் அரசுகளுக்கு உள்ளவை 28. அவற்றில் பத்து, அமெரிக்கா, சீனா, இந்தியா போன்ற பெரிய தொழில் நாடுகளுக்கு நிரந்தரம். மலாயா 1957இல்தான் உறுப்பினர் ஆனது. ஆனால் அதற்கு மறு ஆண்டே, 1958இல், அந்த நிறுவனம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் ஒப்பந்தம் கொண்டு வந்தது. வீடு, சம்பளம், வார ஓய்வு, மகப்பேறு, ஆள் எடுக்கும் முறை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. 110ஆம் எண் ஒப்பந்தம் என்று அதைச் சொல்வார்கள். இலங்கை 1995இல் அதை ஏற்றுக்கொண்டது. மலேசியா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளி ஆனது. அதைச் செய்தது லண்டனும் இல்லை, பிரசல்சும் இல்லை, இந்த நாட்டின் சட்டம். 110ஆம் எண் ஒப்பந்தத்துக்கும் உலக மேசை எதிலும் ஓட்டுத் தேட வேண்டியதில்லை. அது புத்ராஜெயாவில் ஆகிற வேலை. லாபு தோட்டத்திலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.